லயத்துப் பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம்?

இளையோர் பணியில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் சிலர் அண்மையில் என்னிடம் ஒரு பட்டியல் கேட்டனர். கிறித்தவ இளைஞரிடையே பணிபுரிவோர்க்கு உதவக்கூடிய நூல்கள், பாடத்திட்டங்கள், பயிற்சிக் கையேடுகள், புதிய சிந்தனைகள் ஆகியவற்றைத் தொகுத்துத் தர இயலுமா என்பது அவர்களது கேள்வி. என் ஆய்வு தோட்டத்தொழிலாளர் குடும்பங்களின் சமய வாழ்வு பற்றியது; ஆகவே என்னிடம் கேட்டது பொருத்தமே. பட்டியல் தருவது அரைமணி நேர வேலை. ஆயினும் களஆய்வுக்காகப் போனக்காட்டுக்குச் சென்று வரத் தொடங்கிய பின்னர், எந்த நூலின் பெயரை எழுதினாலும் அங்குள்ள பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற வினா குறுக்கே வந்து நிற்கிறது. எனவே பட்டியலுக்குப் பதிலாக இப்பதிவு. நீளமானது, பொறுமையுள்ளோர் படிக்க.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் போனக்காடு. பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய தேயிலைத் தோட்டம். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடைபயணம் செல்வோர் இங்கிருந்தே மலையேறுகின்றனர். தோட்டம் கைவிடப்பட்டு ஆண்டுகள் பலவாகிவிட்டன. தொழிற்சாலையின் இயந்திரங்கள் துருவேறிக் கிடக்கின்றன. கவாத்துச் செய்யாத தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து நிற்கின்றன. லயங்களில் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பகுதிகளிலிருந்து கொழுந்து பறிக்கக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள்.

இவ்வூருக்கு இளைஞர்கள் வராமல் இல்லை. அகத்தியர்கூடத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு முதுகுப்பையுடன் வருகிறார்கள். இருசக்கர வண்டிகளில் கூட்டமாக வந்து, ‘25 ஜி.பி.’ என்று பெயர்பெற்ற பழைய மேலாளர் பங்களாவின் முன் நின்று காணொளி எடுக்கிறார்கள். அப்பங்களாவில் வெள்ளைக்கார மேலாளரின் மகளுடைய ஆவி உலவுவதாக ஒரு கதை உண்டு. இணையத்தில் போனக்காடு என்று தேடினால் முதலில் கிடைப்பது அச்சிறுமிதான். தவக்காலத்தில் குருசுமலைக்குச் சிலுவை சுமந்து திருப்பயணிகள் வருகிறார்கள். லயத்து இளைஞரோ காலைப் பேருந்தில் இறங்கிப்போய், விதுராவிலும் நெடுமங்காட்டிலும் துணிக்கடையில், உணவகத்தில், கட்டட வேலையில் நாளைக் கழித்துவிட்டு இருட்டிய பின் திரும்புகிறார்கள். சிலர் திரும்புவதும் இல்லை. அந்தப் பங்களாவைப் படமெடுக்கப் போகிறவர்கள் லயத்தைக் கடந்துதான் போகிறார்கள் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

இனி நூல்களுக்கு வருவோம்.

தமிழில் கிடைக்கும் இளையோர் பணிக் கையேடுகளில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு; அல்லது மொழிபெயர்ப்பின் சாயல். குழு விளையாட்டுகள், ஆளுமை வளர்ச்சி, நேர மேலாண்மை, காதலும் கற்பும், அலைபேசி அடிமைத்தனம், ‘உன் அழைப்பைக் கண்டுபிடி’ என்னும் வகை அமர்வுகள். இவற்றை நான் இகழவில்லை. நகரத்துக் கல்லூரி விடுதியில் தனித்துத் தவிக்கும் மாணவனுக்கு இவை உதவும். ஆனால் இவை தமக்கு முன்னால் அமர்ந்திருக்கும் இளைஞனைப் பற்றிச் சில செய்திகளைக் கேளாமலே முடிவுசெய்துவிடுகின்றன. அவனுக்கு ஓய்வு நேரம் இருக்கிறது, தனி அறை இருக்கிறது, தேர்ந்துகொள்ள எதிர்காலங்கள் பல இருக்கின்றன, அவனுடைய சிக்கல் அவன் மனத்துக்குள் இருக்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்கென்று வந்த ஒரு பாடப்பெட்டியை அங்கே ஒருவர் எனக்குக் காட்டினார். அவ்வாண்டின் கருப்பொருள் காடு. அட்டை முழுக்கச் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும். முந்தைய இரவில்தான் யானை வந்து அவ்வீட்டு வாழையைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது.

அழைப்பு பற்றிய ஓர் அமர்வுக்குப் போய்வந்த பெண் ஒருத்தி, செவிலியர் படிப்புக்கு முயன்றுகொண்டிருந்தவள், என்னிடம் சொன்னதை அவள் மொழியிலேயே தருகிறேன்: “சேச்சி, உன் வாழ்க்கைக்குத் தேவன் வச்ச திட்டம் என்னான்னு எழுதுன்னு ஒரு பேப்பர் தந்தாங்க. நான் எழுதல. எங்க பாட்டிக்கு வரவேண்டிய பணம் வந்தாதான் எனக்குத் திட்டம்.” அவள் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால், இளையோர் பணி என்று இன்று நாம் அழைப்பது இத்தகைய பிள்ளைகளிடமிருந்தே பிறந்திருக்கிறது என்பது வியப்பூட்டும். இங்கிலாந்தின் கிளாஸ்டரில் 1780ஆம் ஆண்டு இராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது, வாரத்தின் ஆறு நாளும் பட்டறைகளில் உழைத்த ஏழைச் சிறாருக்காக. அப்பள்ளியில் முதலில் கற்பிக்கப்பட்டது எழுத்து. இலண்டனில் 1844ஆம் ஆண்டு ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸ் துணிக்கடைப் பணியாளர். அவருடன் கூடியவர்களும் கடைப் பணியாளர்களே. பகல் முழுதும் கடையில் நின்று, இரவில் கடையின் மேல்மாடியிலேயே நெருக்கியடித்து உறங்கிய இளைஞர்கள். நெடுமங்காட்டுத் துணிக்கடையிலிருந்து கடைசிப் பேருந்தில் திரும்பும் நம் பையனை அவர்கள் எளிதில் அடையாளம் கண்டிருப்பார்கள். இவ்விரு தொடக்கங்களிலிருந்து ‘இளம் தலைவர்களுக்கான ஆளுமைப் பயிற்சி’ வரைக்கும் நாம் வந்துசேர்ந்த பாதையை யாரேனும் ஓர் ஆய்வேடாக எழுதவேண்டும்.

என்னை இன்னும் ஆழமாகத் தொட்டவர் ஜோசப் கார்டைன். பெல்ஜியத்துத் தொழிலாளர் குடும்பத்தில் 1882இல் பிறந்தவர். சிறுவயதில் குருமடத்தில் சேர்ந்தார். அவருடன் படித்தவர்கள் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போனார்கள். விடுமுறையில் ஊர் திரும்பியபோது அந்நண்பர்கள் அவரை அந்நியராகவும் எதிர்த்தரப்பினராகவும் நோக்கினர் என்பதைப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். குருத்துவப் படிப்பை அவர் முடிக்குமுன்பே, உழைத்துத் தேய்ந்த தந்தை 1903இல் இறந்தார். உழைக்கும் மக்களுக்கே தம் வாழ்வு என்று அப்போது கார்டைன் உறுதிபூண்டார். 1925இல் முறையாக உருப்பெற்ற இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

அவர் வகுத்த முறை மூன்று சொற்களில் அடங்கும்: பார், சீர்தூக்கு, செயல்படு. 1961இல் திருத்தந்தை 23ஆம் ஜான் தமது சமூகச் சுற்றுமடலில் இம்முறையை ஏற்று முன்மொழிந்தார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளம் மாணவர் இயக்கங்களின் வழியாக இது பரவிற்று. பழைய மாணவர் பலருக்கு இச்சொற்கள் மனப்பாடம். மனப்பாடமாகிப் போனதே இதற்கு நேர்ந்த இழப்பு என்று தோன்றுகிறது. இன்று பல கூட்டங்களில் ‘பார்’ என்ற முதற்படி, செய்தித்தாளிலிருந்து ஒரு தலைப்பை வாசித்துவிட்டுக் கடப்பதாகச் சுருங்கிவிட்டது. கார்டைன் கேட்டது அதுவன்று. உன் ஆலையில் எத்தனை பேர்? எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது? உன் கூலி எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு? இளந்தொழிலாளர் தாமே விசாரித்துக் குறிப்பெடுத்து வரவேண்டும். விவிலியம் அதன் பிறகே திறக்கப்படும்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. 1924இல் தொடங்கிய அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு, சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து 2012இல் மறைந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி பியர் செராக்கின் வழிகாட்டலில் மாணவர்களை உழைப்பு முகாம்களுக்கு அழைத்துச் சென்றது. கல்லூரி மாணவர் கிராமத்துக்குச் சென்று மண் சுமப்பது அன்றைக்குப் பெரிய செய்தி. எனினும் அதில் ஒரு திசை உண்டு: படித்தவன் இறங்கிப் போகிறான். போனக்காட்டில் இறங்கிப் போக வேறு இடம் இல்லை. அங்கிருப்பவர்களே அங்கிருப்பவர்களுக்குப் பணிசெய்ய வேண்டும்.

மொழிச் சிக்கலைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் சந்தித்த பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். பலருக்குத் தமிழ் எழுத்துக் கூடத் தெரியாது. தமிழிலக்கண மரபு தன் முதல் ஆசிரியனாகக் கொண்டாடும் அகத்தியனின் மலை கூரைக்கு மேலே தெரிகிறது என்பதை எண்ணி நான் சிரித்துக்கொண்டதுண்டு. பாட்டி தமிழில் செபமாலை சொல்கிறாள். பேத்தி அதைக் காதால் அறிவாள், தன் வாயால் மலையாளத்தில் செபிப்பாள். ‘மறைக்கல்வி’ என்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. ‘வேதபாடம்’ என்றதும் விளங்கியது. தமிழ்க் கையேட்டை அவர்களால் படிக்க இயலாது. மலையாளக் கையேட்டைப் படிக்கலாம். ஆனால் அதைக் கொண்டு பாட்டியிடம் பேச இயலாது. இவர்களுக்கான பாடநூல் எம்மொழியில் இருக்கவேண்டும் என்று கேட்டால், பாடும் மொழியில் என்பேன்.

இங்கே ‘பரட்டை’ என அறியப்பட்ட தியாஃபிலஸ் அப்பாவுவை நினைக்காமல் இருக்க முடியாது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த அவர், 2005இல் மறைந்தார். கீர்த்தனை மரபு திருச்சபையில் உயர்ந்ததாகக் கருதப்பட்ட சூழலில், நாட்டுப்புற மெட்டும் பேச்சுமொழியும் இறையியலைச் சுமக்கவல்லவை என்று பாடிக் காட்டினார். ‘ஒரே உலை’ என்னும் அவரது கருத்து, சேர்ந்து சமைத்து உண்பதையே திருவிருந்தின் பொருளாகக் கண்டது. எழுத்தறியாதோரும் கற்றுக்கொண்டு மாற்றிப் பாடலாம் என்பதே அவ்விசையின் பயன். புத்தகம் வாங்கவோ ஒளிப்படக் கருவி பொருத்தவோ வேண்டியதில்லை. அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்க மேட்டுக்கு ஏறவேண்டிய ஊரில் இது சிறு நன்மையன்று.

குருசுமலை விவகாரத்தைத் தவிர்த்துவிட்டு இப்பதிவை எழுதினால் நேர்மையாகாது. 2017இல் மலைமேல் இருந்த சிலுவைகள் உடைந்து கிடந்தன. இலத்தீன் கத்தோலிக்கரின் நெய்யாற்றின்கரை மறைமாவட்டம் இதைத் தம் நெடுநாள் வழிபாட்டுரிமையின்மீது விழுந்த அடியாகக் கண்டது. வனத்துறை அதனைக் காப்புக்காட்டு நிலம் பற்றிய கேள்வியாகக் கண்டது. 2018 ஜனவரியில் மலைக்குப் புறப்பட்ட நம்பிக்கையாளருக்கும் காவல்துறைக்கும் மோதல் ஏற்பட்டது. யார் பக்கம் சட்டம் என்பதை நான் தீர்க்கப் புகவில்லை. என் கவனம் வேறு. போனக்காடு என்ற பெயர் கேரள இளைஞர் அமைப்புகளின் மேடைகளில் மிகுதியாக ஒலித்த காலம் அது. அப்பேச்சுகளுள் நான் தேடிப் படித்தவற்றில் சிலுவை இருந்தது, காடு இருந்தது, அரசு இருந்தது. மலையடிவாரத்து லயமும் அங்கே கிடைக்காத கூலியும் அரிதாகவே இருந்தன. காணிக்காரர் அறவே இல்லை.

காணிக்காரரைப் பற்றிய ஒரு செய்தி நம் இளையோர் வகுப்புகளில் கட்டாயம் இடம்பெறத் தக்கது. அகத்தியமலைக் காடுகளில் வாழும் இப்பழங்குடியினர், களைப்பைப் போக்க ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் கனியை உண்பதை 1987இல் ஆய்வாளர் குழு ஒன்று கண்டது. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. உரிமக் கட்டணத்திலும் உரிமத்தொகையிலும் பாதியைக் காணிக்காரர்க்கு வழங்க ஏற்பாடாகி, அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பழங்குடி அறிவுக்குப் பயன்பங்கீடு அளித்த முன்னோடி முயற்சியாக உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுவது இது. அதன் குறைகளும் அதே அளவுக்கு விவாதிக்கப்பட்டுள்ளன. படைப்பைப் பேணுதல் குறித்து 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலை வைத்து அமர்வு நடத்துவோர், துருவக் கரடியின் படத்தைத் திரையில் காட்டுமுன் விதுராவிலிருந்து பாலோட்டுக்கு ஒருமுறை பேருந்து ஏறலாம்.

2018 அக்டோபரில் உரோமையில் நடந்த இளையோர் பற்றிய ஆயர் மாமன்றத்துக்குப் பின், 2019 மார்ச் 25 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் கையெழுத்திட்ட ஊக்கவுரையில் என்னை நிறுத்திய பகுதிகள் இரண்டு. ஒன்று, திருச்சபை அமைப்புகளுக்கு வெளியே இயல்பாக எழும் இளந்தலைவர்களை நம்பி நடக்கும் மக்கள்சார் இளையோர் பணி. மற்றொன்று, வேர்கள்: இளைஞர் தம் மூத்தோரின் நினைவைக் கேட்டுப் பெறவேண்டும் என்பது. முதலாவதைப் போனக்காட்டில் கண்ணால் கண்டேன். இரண்டாவது என்னைக் குழப்புகிறது. ஒழுகும் கூரையும், வராத பணிக்கொடையும், எழுத்தறியாத ஒரு மொழியும் வேர் எனில், அதைப் பற்றிக்கொள் என்று பதினேழு வயதுப் பெண்ணிடம் எந்தத் துணிவில் சொல்வது? பற்றிக்கொள்வது என்பது அங்கேயே இருப்பதா? பணம் வராததால்தான் முதியோர் லயத்தைவிட்டு நகராமல் இருக்கிறார்கள். நகர்ந்தால் கேட்கும் உரிமையும் போய்விடும் என்ற அச்சம். அவர்களுடைய வேரே ஒரு நிலுவைத் தொகை.

மேலே குறித்த பெண்ணும் அவள் தோழர் சிலரும் நடத்திய ஒரு கூட்டத்தைத்தான் இந்த மூன்றாண்டுகளில் நான் கண்ட சிறந்த இளையோர் பணி என்பேன். கையேடு ஏதும் இல்லை. ஒரு ஞாயிறு மாலை, ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரிடமிருந்து மூன்று செய்திகளைக் கேட்டு வந்தனர்: எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தீர்கள், எந்த ஆண்டு நின்றது, கடைசி நாட்கூலி எவ்வளவு. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, பணிசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் சேரவேண்டியிருந்தது. நாட்கூலி 100 ரூபாய், முப்பது ஆண்டுப் பணி என்று வைத்துக்கொண்டால் 45,000 ரூபாய். ஒரு பையன் நோட்டில் பெருக்கிக் காட்டினான். வாசற்படியில் அமர்ந்திருந்த முதியவள் ஒருத்தி, “அத்தன வருமா மோளே?” என்று கேட்டுவிட்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அதன் பின்னரே யாக்கோபின் திருமுகத்து ஐந்தாம் அதிகாரத்தை வாசித்தனர். அறுவடை செய்தவர்களுக்குத் தராமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்னும் பகுதி அது. விளக்கவுரை எவரும் ஆற்றவில்லை. பின்னர் ஒரு பாட்டு; கட்டன்சாயா.

இச்செய்தி வெளியே தெரிந்தபோது, பொறுப்பிலிருந்த ஒருவர் இது தொழிற்சங்க வேலை, ஆன்மிகம் ஆகாது என்றாராம். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. தொழிற்சங்கங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இளையோர் குழு அவற்றின் கிளையாகிவிடக் கூடாது என்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் 2015 செப்டம்பரில் மூணாற்றில் தமிழ்ப் பெண்தொழிலாளர் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டதை நினைத்துக்கொள்ளுங்கள். 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்கவும், குறைக்கப்பட்ட போனசை மீண்டும் 20 விழுக்காடாக்கவும் கோரி எழுந்த அப்போராட்டத்தில், சங்கத் தலைவர்களையே அவர்கள் விலக்கிவைத்தனர். தம் வாழ்வைத் தாமே எடுத்துரைக்கும் ஒருவகைப் பேச்சு அங்கே பிறந்தது. அத்தகைய பேச்சுக்கு வாய்ப்பளிக்கும் இடமாக ஞாயிறு மாலை அமைந்தால், அதனை ஆன்மிகம் என்றழைக்க எனக்குத் தயக்கமில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத்தொழிலாளர் சட்டம் குடியிருப்பையும் மருத்துவத்தையும் நிருவாகத்தின் கடமையாக்கியது என்பதைப் பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகள் அன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்பட்டனர். எந்த ஆளுமைப் பயிற்சியும் அவர்களை அவ்வளவு நிமிர்ந்து உட்கார வைத்ததை நான் பார்த்ததில்லை.

அதே சமயம் இதை ஒரு வெற்றிக்கதையாக எவரும் பகிரவேண்டாம். பணம் எதுவும் வரவில்லை. அக்குழுவில் தொடங்கும்போது பதினொருவர். இப்போது ஆறு பேர். இருவர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போயினர். நோட்டில் பெருக்கிக் காட்டிய பையன் உணவகத்தில் இரவுப் பணிக்கு மாறிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை உறங்குகிறான். அப்பெண்ணுக்குப் பெங்களூரில் இடம் கிடைத்திருக்கிறது. கல்விக்கடன் முடிந்தால் அடுத்த மாதம் புறப்படுவாள். அவள் போகவேண்டும் என்றே நான் விரும்புகிறேன். அவள் போனபின் குழு நிற்குமா என்று என் நெறியாளர் கேட்டார். நிற்காமலும் போகலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியேறத் தக்கவர்கள் வெளியேறும் ஊரில், நிலைத்து நிற்பதை வைத்து இளையோர் பணியை அளப்பதே பொருந்துமா என்பது நான் ஆய்வேட்டின் ஐந்தாம் இயலில் எழுதத் திணறிக்கொண்டிருக்கும் கேள்வி.

பட்டியல் கேட்ட நண்பர்களுக்கு: நூல்களின் பெயர்களைத் தனியே அனுப்பிவைக்கிறேன், கார்டைன் பற்றியும் அப்பாவு பற்றியும் நல்ல ஆய்வுகள் உள்ளன. உங்களிடம் எனக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பணிக்கொடை கோரும் விண்ணப்பங்கள் தொழிலாளிக்கும் இறந்தவரின் வாரிசுக்கும் உண்டு. இவற்றை எளிய மலையாளத்திலும், படித்துக் காட்டினால் பாட்டிமார்க்கு விளங்கக்கூடிய பேச்சுத் தமிழிலும் விளக்கி ஒரு நான்கு பக்கத் துண்டேடு தயாரிக்கவேண்டும். சட்டக்கல்லூரி மாணவர், குறிப்பாகத் தொழிலாளர் சட்டம் படிப்போர், இருவர் முன்வந்தால் போதும். அவள் புறப்படுவதற்குள் முடித்துவிட்டால், அந்த நோட்டிலுள்ள பத்தொன்பது பெயர்களுக்கும் அவளே உட்கார்ந்து நிரப்பிக்கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். உட்பெட்டியில் எழுதுங்கள்.